வெள்ளிமுடியாரும் நவஹோ மக்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 48 வயது. ஐந்தாம் வகுப்பிலிருந்து லயன் காமிக்ஸ் படிக்கிறேன். டெக்ஸ் வில்லர் கதைகள் என்றால் உயிர். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்கள் 'இரவுக் கழுகார்' என்று அழைக்கும் கௌபாய் நாயகன் அவர். அவருடைய நண்பர் கிட் கார்சன்தான் 'வெள்ளிமுடியார்'. பழைய இதழ்களை எல்லாம் பைண்டு செய்து வைத்திருக்கிறேன். இப்போது என் மகனும் அவற்றைப் படிக்கிறான். போன மாதம் ஒருநாள் வந்து, "அப்பா, கிட் கார்சன் நெசமாவே இருந்த ஆளாம். நவஹோக்களோட ஊரை எரிச்சதே அவருதானாம்" என்றான். நான் நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தபோது அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. நவஹோக்களின் தலைவரான இரவுக் கழுகாருக்கு உயிர் நண்பராக அந்த மனிதரையே எப்படி வைத்தார்கள்?

இன்னும் இரண்டு கேள்விகள். கதைகளில் வருவதுபோல கோல்ட் ரிவால்வரையும் வின்செஸ்டர் ரைஃபிளையும் வைத்துத்தான் அந்த மண்ணைப் பிடித்தார்களா? இவ்வளவும் தெரிந்த பிறகு இந்தக் கதைகளை ரசிப்பது சரியா? மகனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
ஒரு லயன் வாசகன், விருதுநகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் கண்டுபிடித்தது உண்மை. ஒரு காமிக்ஸ் பாத்திரத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு வரலாற்றுக்குள் போய்வந்திருக்கிறான். முதலில் அவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

டெக்ஸ் வில்லர் 1948இல் இத்தாலியில் பிறந்தவர். எழுதியவர் ஜியான்லூய்ஜி பொனெல்லி, வரைந்தவர் ஔரேலியோ கலெப்பினி. அமெரிக்க மேற்கு அவர்களுக்கு வந்து சேர்ந்தது நாவல்கள் வழியாகவும் சினிமா வழியாகவும். கார்சன் என்ற பெயர் அவர்கள் கைக்கு வந்தபோது அதற்கு நூறு வயது ஆகியிருந்தது. சொன்ன சொல் தவறாதவர், குறி தப்பாதவர் என்று நூறு வருடக் கதைகள் மெருகேற்றிக் கொடுத்த பெயர் அது. நவஹோ வீடுகளில் அந்தப் பெயரை எப்படிச் சொன்னார்கள் என்பது அந்த மெருகுக்குள் மறைந்துபோயிருந்தது. இதற்காகப் பொனெல்லியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. செவ்விந்தியர் என்றாலே சுட்டுத்தள்ள வேண்டியவர்கள் என்று படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில் தன் நாயகனை ஒரு நவஹோப் பெண்ணுக்கு மணம் முடித்து, அந்த மக்களின் பக்கம் நிற்க வைத்தவர் அவர். அந்த நல்ல மனதோடுதான் கார்சனையும் பக்கத்தில் நிறுத்தினார். நல்ல மனதையும் ஒரு கட்டுக்கதை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விட்டுவிடும் என்பதைத்தான் நாம் இதில் பார்க்க வேண்டும்.

நிஜ கார்சன் 1809இல் கென்டக்கியில் பிறந்தவர், மிசூரியில் வளர்ந்தவர். சேணம் தைப்பவரிடம் தொழில் பழக விட்டிருந்தார்கள். பதினாறு வயதில் அங்கிருந்து ஓடிப்போய், சான்டா ஃபே போகும் வண்டிக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். பீவர் தோலுக்காகப் பொறி வைத்து மலை மலையாக அலைந்த வேட்டைக்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஸ்பானிஷும் பூர்வகுடி மொழிகள் சிலவும் பேசுவார். முதல் மனைவி அரபஹோ பெண். 1842 முதல் ஜான் ஃப்ரிமான்ட் என்ற ராணுவ அதிகாரியின் நில ஆய்வுப் பயணங்களுக்கு வழிகாட்டியாகப் போனார். ஃப்ரிமான்ட்டின் அறிக்கைகள் அச்சாகிக் கிழக்கே பரபரப்பாகப் படிக்கப்பட்டன. அதிலிருந்து கார்சன் நாடறிந்த பெயர்.

அடுத்து 1849. இந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சான்டா ஃபே பாதையில் ஜேம்ஸ் வொயிட் என்ற வணிகரின் குழுவை ஹிகரில்லா அப்பாச்சிப் பூர்வகுடியினர் தாக்கினார்கள். அவரைக் கொன்றுவிட்டு, மனைவி ஆன் வொயிட்டையும் சிறு மகளையும் பணிப்பெண்ணையும் பிடித்துப் போனார்கள். தேடிப்போன படைக்குக் கார்சன் தடம் பார்த்துக் கொடுத்தார். பல நாள் தொடர்ந்து போய் முகாமைக் கண்டுபிடித்ததும் உடனே பாய வேண்டும் என்றார். தலைமை தாங்கியவர் தயங்கினார். அந்தச் சிறிய தாமதத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆன் வொயிட்டின் உடலைக் கண்டெடுத்தபோது அதில் சூடு ஆறியிருக்கவில்லை. இதயத்தில் அம்பு.

அந்த முகாமில் சிதறிக் கிடந்த பொருட்களுக்கு நடுவே ஒரு புத்தகம் இருந்தது. மலிவுவிலைச் சாகசக் கதை. நாயகன் கிட் கார்சன். நூற்றுக்கணக்கில் செவ்விந்தியர்களைக் கொன்று குவிக்கும் மாவீரனாக அவரை அதில் எழுதியிருந்தார்கள். அந்த மாதிரிப் புத்தகம் ஒன்றை அவர் பார்த்ததே அன்றுதான். பிற்பாடு தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது இதை மறக்காமல் சொல்கிறார். அந்தப் பெண் இந்தப் புத்தகத்தைப் படித்திருப்பாள், நான் பக்கத்தில்தான் வசிக்கிறேன் என்று தெரிந்து நான் வந்து காப்பாற்ற வேண்டும் என்று வேண்டியிருப்பாள் என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

எல்லாம் முடிந்து, ரத்தம் காய்ந்து, பல தலைமுறை கழித்து யாரோ மேற்கைக் கதையாக்கினார்கள் என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். 1849இல் பிணத்துக்குப் பக்கத்திலேயே கதைப்புத்தகம் கிடந்தது. கொலையும் கதையும் ஒரே வண்டியில் பயணம் செய்தன. இதை மனதில் வைத்துக்கொண்டால் உங்கள் துப்பாக்கிக் கேள்விக்கு வரலாம்.

கோல்ட் ரிவால்வருக்கு நிஜமாகவே ஒரு பெரிய நாள் உண்டு. அதை மறைக்கக் கூடாது. சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, நியூ ஜெர்சியின் பாட்டர்சன் ஊரில் ஆலை வைத்தார். வியாபாரம் ஓடவில்லை, 1842இல் ஆலையை மூடினார்கள். டெக்சாஸ் அப்போது தனி நாடு. அதன் கடற்படைக்கென்று வாங்கிப் போட்டிருந்த ஐந்து குண்டு பாட்டர்சன் ரிவால்வர்கள், சுற்றிச் சுற்றி அதன் எல்லைக்காவல் படையான ரேஞ்சர்கள் கைக்கு வந்தன. கொமாஞ்சி என்ற பூர்வகுடியினரோடு குதிரைமேல் சண்டை போடுவது அதுவரை ரேஞ்சர்களுக்குத் தற்கொலைக்குச் சமம். ஒரு குண்டு சுட்டால் குதிரையிலிருந்து இறங்கி மருந்தைக் கெட்டித்து மறுபடி நிரப்ப வேண்டும். அதற்குள் கொமாஞ்சி வீரன் பாய்ந்து வரும் குதிரை மேலிருந்தே அம்பு மேல் அம்பாக விட்டுக்கொண்டிருப்பான். 1844 ஜூனில் ஜாக் ஹேய்ஸ் தலைமையில் சுமார் பதினைந்து ரேஞ்சர்கள் தங்களைவிடப் பல மடங்கு பெரிய கொமாஞ்சிப் படையை எதிர்கொண்டார்கள். ஒருவர் கையில் ஐந்து குண்டு, சிலரிடம் குண்டு நிரப்பிய மாற்று உருளைகளும் இருந்தன. அந்தச் சண்டையோடு கணக்கு மாறியது. அதில் ஈட்டிக் காயம் பட்டுப் பிழைத்த சாமுவேல் வாக்கர்தான், மெக்சிகோ போர் வந்தபோது கோல்ட்டோடு சேர்ந்து புது ரிவால்வரை வடிவமைத்தார். ஆறு குண்டு, இரண்டு கிலோவுக்கும் மேல் எடை. அரசு ஆயிரம் கேட்டது. கோல்ட்டிடம் ஆலை இல்லை. எலை விட்னி ஜூனியரின் ஆலையில் செய்து வாங்கி 1847இல் கொடுத்தார். அவரைக் கடனிலிருந்து தூக்கி நிறுத்தியது அந்த ஆர்டர்தான்.

அந்த வாக்கர் ரிவால்வரின் உருளையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒரு சித்திரம் தெரியும். படத்தை எஃகு அச்சில் செதுக்கி, உருளையைச் சுற்றி உருட்டிப் பதித்திருப்பார்கள். ரேஞ்சர்கள் குதிரையில் பாய்கிறார்கள், கொமாஞ்சிகள் சிதறி ஓடுகிறார்கள். 1844ஆம் வருடச் சண்டைதான் அது. பணத்தாள்களுக்கு அச்சு செதுக்கும் ஆர்ம்ஸ்பி என்ற கலைஞரின் வேலை. ஒவ்வொரு குண்டுக்கும் உருளை சுழலும்போது அந்தச் சண்டையும் சுழலும். சண்டை நடந்து மூன்றே வருடத்தில் அதை வென்ற ஆயுதத்தின் மேலேயே அது படக்கதையாக ஏறிவிட்டது. பிறகு வந்த கோல்ட் மாடல்களிலும் இதேபோல் படங்கள் உண்டு. ஒன்றில் கடற்போர், ஒன்றில் கோச்சு வண்டியை மறிக்கும் கொள்ளையர்கள். உங்கள் பைண்டு புத்தகங்களுக்குள் இருக்கும் படக்கட்டங்களின் மூதாதை அந்த எஃகு உருளையில் இருக்கிறது என்றே நான் சொல்வேன்.

ஆனால் அந்த மண் பறிபோனது ரிவால்வரால் என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். மேற்கை வென்ற துப்பாக்கி என்பது வின்செஸ்டர் கம்பெனி பின்னாளில் தன் சரக்குக்கு வைத்துக்கொண்ட விளம்பர வாசகம். 1873ஆம் வருட மாடல் நல்ல ரைஃபிள்தான், லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் அமெரிக்கக் குதிரைப்படை அதைத் தன் ஆயுதமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் கையில் இருந்தது ஒரு முறைக்கு ஒரு குண்டு மட்டும் போடும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன் என்ற குட்டை ரைஃபிள். 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்னில் குதிரைப்படைத் தளபதி கஸ்டரும் அவரோடு இருந்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களும் செத்த இடத்தில், 1983இல் ஒரு புல்வெளித் தீ பரவித் தரையை வெளிக்காட்டியது. அடுத்த இரண்டு வருடங்களில் தொல்லியலாளர்கள் மெட்டல் டிடெக்டரோடு அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். கிடைத்த தோட்டாக் கூடுகளின் அடியில் சுடும் ஊசி பதித்த தடத்தை நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்றுகூடச் சொல்ல முடிந்தது. ஹென்றி, வின்செஸ்டர் ரைஃபிள்கள் நிறைய இருந்தன. லகோட்டா, செயேன் என்ற பூர்வகுடிகளின் வீரர்கள் பக்கத்தில். அதாவது அன்று விரைவாகச் சுட்டவர்கள் அவர்கள்தான். சண்டையை ஜெயித்தார்கள். நிலத்தைத் தோற்றார்கள்.

எப்படித் தோற்றார்கள் என்பதற்குப் பெரும்பகுதி விடை காட்டெருமையில் இருக்கிறது. 1870களின் தொடக்கத்தில் அதன் தோலைத் தொழிற்சாலை பெல்ட்டுகளுக்கு ஏற்றபடி பதனிடும் வழி கிடைத்ததும், ஷார்ப்ஸ் போன்ற கனத்த ரைஃபிள்களோடு வேட்டைக்காரர்கள் சமவெளிக்குள் இறங்கினார்கள். தோலை மட்டும் உரித்துக்கொண்டு உடலை அப்படியே விட்டார்கள். ரயில் அந்தத் தோலைக் கிழக்கே கொண்டுபோனது. கோடிக் கணக்கில் திரிந்த விலங்கு, 1889இல் வில்லியம் ஹார்னடே கணக்கெடுத்தபோது ஆயிரத்துச் சொச்சம்தான் மிஞ்சியிருந்தது. உணவும் உடையும் கூடாரமும் அதுவாக இருந்த மக்கள் வேறு எங்கே போவார்கள்? ரேஷனுக்காக முகாமுக்குப் போனார்கள்.

நவஹோ மக்களுக்கு நடந்ததும் இதே தர்க்கம்தான். நீங்கள் கேட்ட கார்சன் இங்கேதான் வருகிறார்.

1863இல் நியூ மெக்சிகோவில் ஜெனரல் ஜேம்ஸ் கார்ல்டன் தளபதி. நவஹோக்கள் மொத்தமாகத் தங்கள் நாட்டை விட்டு, பெக்கோஸ் நதிக்கரையில் போஸ்கே ரெடோண்டோ என்ற இடத்துக்குப் போக வேண்டும் என்பது அவர் திட்டம். அதை நிறைவேற்றக் கார்சனை அனுப்பினார். கார்சன் அந்த வருடம் பிப்ரவரியிலேயே ராஜினாமா கொடுத்துப் பார்த்தார், கார்ல்டன் ஏற்கவில்லை. இதைச் சொல்லி அவரைக் காப்பாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதாது. ஏனென்றால் பிறகு அவர் செய்ததை அரைமனதாகச் செய்யவில்லை. நவஹோக்கள் நாடோடி வேட்டைக்காரர்கள் இல்லை. மக்காச்சோளமும் கோதுமையும் பயிரிட்டவர்கள், செம்மறி ஆடு வளர்த்தவர்கள், பழத்தோட்டம் வைத்திருந்தவர்கள். கார்சனின் படை சண்டையைத் தேடி அலையவில்லை. வயலைத் தேடிப் போனது. விளைந்ததை எரித்தது, குதிரைகளுக்குப் போட்டது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனது. 1864 ஜனவரியில் பனிக்கு நடுவே கேன்யன் டி ஷே என்ற செங்குத்துப் பாறைப் பள்ளத்தாக்குக்குள் அவர் படை நுழைந்தது. அந்த நடவடிக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் இருபதைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். சரணடைய வந்தவர்களோ நூற்றுக்கணக்கில். பட்டினி அவர்களைக் கீழே இறக்கியது.

அந்தப் பள்ளத்தாக்கின் தரையில் ஆயிரக்கணக்கான பீச் மரங்கள் இருந்தன. தலைமுறை தலைமுறையாக வளர்த்தவை. அந்த வருடக் கோடையில் படைவீரர்கள் கோடாரியோடு திரும்பி வந்து அவற்றை வெட்டினார்கள். மக்கள் ஏற்கனவே சரணடைந்து போய்க்கொண்டிருந்த நேரம் அது. திரும்பி வரக் காரணம் ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பதற்காக வெட்டினார்கள் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை.

அந்த மக்கள் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் நடந்தார்கள். பின்தங்கிய கிழவர்களும் கர்ப்பிணிகளும் வழியில் செத்தார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போஸ்கே ரெடோண்டோவில் அடைபட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் உவர். விதைத்த மக்காச்சோளத்தைப் புழு தின்றது. விறகுக்கு வெகுதூரம் போய் மெஸ்கீட் என்ற முள்மரத்தின் வேரைத் தோண்டிச் சுமந்து வந்தார்கள். பழக்கமில்லாத கோதுமை மாவும் காப்பிக்கொட்டையும் ரேஷன். நான்கு வருடம் இப்படி. 1868இல் ஜெனரல் ஷெர்மன் வந்து பேசினார். ஓக்லஹோமா பக்கம் அனுப்பலாம் என்று யோசனை சொன்னார். எங்கள் சொந்த மண்ணைத் தவிர வேறெங்கும் எங்களை அனுப்பாதீர்கள் என்று நவஹோத் தலைவர் பார்போன்சிட்டோ வாதாடினார். ஜூன் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. கார்சன் அதற்கு ஒன்பது நாள் முன்பு, மே 23 அன்று, கொலராடோவின் ஃபோர்ட் லயனில் இறந்துவிட்டார். அவரது படையெடுப்பு எதற்காக நடந்ததோ, அந்தத் திட்டத்தை அரசே கைவிட்டதை அவர் பார்க்கவில்லை.

இந்தப் படையெடுப்பில் கோல்ட்டுக்கும் வின்செஸ்டருக்கும் என்ன வேலை இருந்தது? கோல்ட்டுக்கு மிகக் கொஞ்சம். வின்செஸ்டர் என்ற பெயரில் ரைஃபிளே அப்போது வந்திருக்கவில்லை. தீயும் கோடாரியும் ரேஷன் சீட்டும்தான் ஆயுதம். வரலாறு இப்படி இருக்கும்போது கதை ஏன் ரிவால்வரையே பிடித்துக்கொண்டது என்பதற்கு என் பதில் இது. ரிவால்வர் சண்டையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே ஆயுதம், ஒரே ஆபத்து. ஜெயித்தவன் நியாயமாக ஜெயித்தான் என்று பார்ப்பவர் மனம் ஒப்புக்கொள்கிறது. இந்தத் தெரு யாருடையது, அதில் இவன் எப்படி வந்தான் என்ற கேள்வி எழுவதற்குள் புகை கலைந்துவிடுகிறது. பீச் மரத்தை வெட்டுகிறவனை வைத்து அப்படி ஒரு காட்சி எழுத முடியாது. ஒரு அரசு ஒரு ஜனத்தைப் பட்டினி போட்டு வெளியேற்றியதை, தனிமனிதர்களின் வீரமாக மாற்றிக் கொடுத்தது அந்த ஆறு குண்டு ரிவால்வர். அது செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

நேருக்கு நேர் சண்டையே நடக்கவில்லையா என்று கேட்டால், நடந்தது. உலகப் புகழ்பெற்றது 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோன் ஊரில். அரை நிமிடத்தில் மூன்று பேர் செத்தார்கள். ஊருக்குள் ஆயுதம் ஏந்தக் கூடாது என்ற நகரச் சட்டத்தை அமல்படுத்தப் போனதில் வெடித்த சண்டை அது. துப்பாக்கிக்குத் தடை இருந்த ஊர் என்பதைப் பெரும்பாலான கதைகள் விட்டுவிட்டன.

மேற்கை மேடையேற்றிய நடிகர் பஃபலோ பில் கோடியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கஸ்டர் செத்த மூன்று வாரத்தில் ராணுவத்துக்கு வழிகாட்டியாகப் போனவர், வார்பானெட் ஓடைக்கரையில் ஒரு செயேன் வீரனைக் கொன்று, அவன் தலைத்தோலை எடுத்தார். அன்று அவர் உடுத்தியிருந்தது கறுப்பு வெல்வெட் நாடக உடை. அந்த வருடமே அதை மேடையில் நடித்துக் காட்டினார். நாடகத்துக்காகவே சண்டைக்கு உடுத்திப் போயிருக்கிறார். 1883இல் அவர் தொடங்கிய கௌபாய் சாகசக் காட்சி ஐரோப்பாவெல்லாம் சுற்றியது, இத்தாலி உட்பட. பொனெல்லியின் மேசைவரை வந்த கதையின் வழித்தடத்தில் அந்தக் காட்சியும் ஒரு நிறுத்தம்.

இனி, ரசிப்பது சரியா என்ற கேள்வி. ரசியுங்கள். மகனிடமிருந்து புத்தகங்களைப் பிடுங்க வேண்டாம். கலெப்பினியின் குதிரைகளும் பாறைகளும் எனக்கும் பிடிக்கும். அநியாயத்துக்கு முன்னால் சும்மா இருக்காத ஒரு மனிதனை அந்தக் கதைகள் நம் பையன்களுக்குக் காட்டியிருக்கின்றன. வெள்ளிமுடியார் காமிக்ஸில் அலுத்துக்கொண்டும் புலம்பிக்கொண்டும் நண்பனுக்காக உயிரைக் கொடுக்கட்டும். அவர் ஒரு இத்தாலியப் பாத்திரம். அந்தப் பெயருக்குரிய மனிதர் வேறு. இரண்டையும் தெரிந்துகொண்டு படிக்கும் வயது உங்கள் மகனுக்கு வந்துவிட்டது என்பதை அவனே காட்டிவிட்டான்.

நவஹோ மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதும் உதவும். அவர்கள் திரும்பிப் போய் மறுபடி பீச் நட்டார்கள். இன்று அவர்களுடைய தன்னாட்சிப் பகுதி எழுபதாயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும். ஜான் ஃபோர்டு 1939 முதல் எடுத்த கௌபாய் படங்களின் அந்தப் பிரமாண்டமான செம்பாறைத் தூண்கள் அவர்கள் நிலத்தில்தான் நிற்கின்றன. அந்தப் படங்களில் நவஹோக்கள் கூலிக்கு அப்பாச்சிகளாகவும் செயேன்களாகவும் நடித்தார்கள். 2021இல் நவஹோ அருங்காட்சியகம் ஒரு கௌபாய் படத்தை முதன்முறையாக நவஹோ மொழியில் டப் செய்து வெளியிட்டது. எதைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? செர்ஜியோ லியோனே ஸ்பெயினில் போய் எடுத்த 1964ஆம் வருட இத்தாலியப் படம். அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குக் கௌபாய் படம் என்றால் அவ்வளவு பிரியம். இத்தாலிக்காரர்கள் கற்பனை செய்த மேற்கை அவர்கள் தங்கள் மொழியில் கேட்கிறார்கள், சிவகாசியில் அச்சான தமிழில் நீங்கள் படித்ததைப் போலவே. நடந்தது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது தெரிந்தேதான் ரசிக்கிறார்கள்.

மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். கார்சனைத் தேடிப் படித்துவிட்டான் அல்லவா, அடுத்து இரண்டு பெயர்களைக் கொடுங்கள். ஷெர்மனிடம் வாதாடி மண்ணை மீட்ட பார்போன்சிட்டோ. மற்றவர்கள் சரணடைந்த பிறகும் 1866வரை மலைகளில் பிடிகொடுக்காமல் இருந்த மானுவலிட்டோ.

அன்புடன்